பென்சில் படாத இரண்டு படங்கள்

அஸ்கா
9-5-1993, ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை சிமாஞ்சல் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் கிருபாசிந்து மகாரணா தன் கையாலேயே எழுதும் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சில எழுத்து வரியை விட்டு மேலே ஏறிவிடுகிறது, சில கீழே விழுந்துவிடுகிறது. நாற்பது வருஷம் பென்சில் பிடித்த கைதான். ஆனால் போட்டோ ஸ்டூடியோவில் ஊசி முனைப் பென்சிலால் ஒரு முகத்தில் புள்ளி வைப்பது வேறு, எழுதுவது வேறு. நம் ஒடியா எழுத்து ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு குடை. குடையைப் போட்டு முடிப்பதற்குள் அதன் அடியில் நிற்கும் ஆள் யார் என்பது எனக்கு மறந்துவிடுகிறது. இந்த ஒரு பத்தி எழுத ஒரு மணி நேரம் போயிற்று. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. யாரிடமும் போய் நின்று, "தம்பி, ரெண்டு வரி எழுதிக் குடுப்பா" என்று பல்லைக் காட்டாமல் எழுதுகிறேன்.

அறுபத்தேழு வயதில் எழுத்து படித்தேன் மாப்பிள்ளை. போன வருஷம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து, படிக்காதவர்கள் எல்லாரும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஜனை மடத்தில் வகுப்பு. சைலபாலா டீச்சர் சொல்லிக் கொடுக்கிறாள். நான் தனியாகப் படித்த முதல் எழுத்து பஸ் பலகை. பஞ்சநகர் என்று போட்டிருந்தது. இத்தனை வருஷமும் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறியவன், அன்று பலகையைப் படித்துவிட்டு ஏறாமலே நின்றேன். கண்டக்டர், "என்ன தாத்தா, வரலியா?" என்றான். "எங்கயும் போகலப்பா, படிச்சேன், அவ்வளவுதான்" என்றேன்.

இதை எல்லாம் ஏன் செய்தேன் என்றால், உங்கள் கடிதங்களுக்காக. உண்மையாகத்தான் சொல்கிறேன். கல்யாணமாகி ஒரே மாதத்தில் நீங்கள் சூரத்துத் தறிக்குத் திரும்பினீர்கள். இடம் பார்க்கும்வரை குந்தளா அப்பா வீட்டில் இருக்கட்டும் என்று உங்கள் அம்மா அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மூன்று வருஷமாக உங்கள் கடிதம் வந்தால் குந்தளாதான் படித்துக் காட்டுவாள். அவள் ஏழாவது வரை படித்தவள் ஆயிற்றே. என் இருமலை விசாரித்திருப்பீர்கள். ஒரு தடவை, "ஜன்னல் வச்ச அறையாப் பாத்துக்கிட்டிருக்கேன், குந்தளாவுக்கு வெளிச்சம் இருந்தாத்தான் பிடிக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கடைவீதி முழுக்கச் சொன்னேன். டீக்கடையில், "கிருபா, உன் மாப்பிள்ளை ஜன்னலைத் தேடித் தேடியே கிழவனாயிடுவான் போலிருக்கே" என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் அவ்வளவு பிரியம்.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது புரியவில்லை. ஊரில் பெண்கள் எல்லாம் அப்பாவுக்கும் மாமியாருக்கும் எழுத்து சொல்லிக் கொடுக்கிறார்கள். குந்தளாவிடம் கேட்டால், "உங்க கண்ணு போதாது அப்பா. இந்த வயசுல எதுக்கு? கடுதாசி வந்தா நான் படிச்சுக் காட்டமாட்டேனா?" என்றாள். எனக்கு மனசு சுருக்கென்றது. அவளுக்குத் தெரியாமல்தான் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் உங்கள் கடிதத்தை எடுத்து அவள் முன்னால் கடகடவென்று படித்து அசத்த வேண்டும் என்று ஆசை.

மூன்று வாரத்துக்கு முன்பு அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது தகரப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணப் புடவைக்கு அடியில் கடிதங்கள் இருந்தன. பங்குனியில் வந்த கடைசிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

முதல் வரியில் என் இருமலைத் தேடினேன். இல்லை. வளையல் அளவு கேட்டு எழுதியிருந்ததாகப் படித்துக் காட்டினாளே, அதைத் தேடினேன். அதுவும் இல்லை. நான் இன்னும் சரியாகப் படிக்கவில்லை, கூடுதலாகப் பழக வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக என் படிப்பின் மேல்தான் சந்தேகப்பட்டேன். நாலு தடவை படித்தேன். நாலு தடவையும் அதே வார்த்தைகள் வந்தன.

கடிதத்தை யாரிடமும் காட்ட முடியாது. அதனால் ஒரு வேலை செய்தேன். தினமும் இரண்டு மூன்று வார்த்தைகளை முன்னும் பின்னுமாக மாற்றி சிலேட்டில் எழுதிக்கொண்டு போய், டீச்சரிடம் சரிதானா என்று கேட்டேன். ஒரு நாள் 'கருப்பி'. ஒரு நாள் 'கிழவன்', 'ஏமாற்றி'. ஒரு நாள் 'களிம்பு'. நான்காம் நாள் சைலபாலா சிரித்துவிட்டாள். "எங்கேருந்து பொறுக்கிட்டு வர்றீங்க பெரியவரே இந்த வார்த்தையெல்லாம்? யாரோட சண்டைக்குப் போகப் போறீங்க?" என்றாள். எல்லாம் சரியாகத்தான் படித்திருக்கிறேன் என்றும் சொன்னாள். வகுப்பிலேயே கெட்டிக்காரன் நான்தானாம்.

கை ஓய்ந்துவிட்டது. மீதியை நாளை மறுநாள் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

மேலே முழுக்க 'நீங்கள்' என்று எழுதிவிட்டேன். அது நீளமான வார்த்தை, எழுதக் கை வலிக்கிறது. அவ்வளவு வலியை உனக்காகப் படுவானேன்? இனி 'நீ'.

நீ எழுதியதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன். பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன், பிழை இருக்காது. "கருப்பியை இங்கே அழைத்து வந்தால் மெஸ்ஸில் என்னோடு தங்கியிருக்கும் இருபது பேரும் சிரிப்பார்கள். கிழவன் போட்டோவில் வெள்ளையடித்து என்னை ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டான். பிருந்தாபன் கையில் கொடுத்தனுப்பிய களிம்பை விடாமல் தேய். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டோ அனுப்பு. நிறம் வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் அங்கேயே கிட."

இந்த ஒரு கடிதம் மட்டும் இல்லை. பெட்டியில் இருந்த பதினேழையும் படித்துவிட்டேன். ஒன்றில் கூட ஜன்னல் இல்லை.

அந்த அறை, வெளிச்சம், என் இருமலுக்குக் கஷாயம் எல்லாம் என் மகள் நின்ற இடத்தில், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னவை. ஒரு தடவை கூட அவள் குரல் தடுக்கவில்லை. என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளையை அவள்தான் செய்திருக்கிறாள். அவன் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. உன்னை எனக்கு மூன்று வாரமாகத்தான் தெரியும்.

இனி போட்டோ விஷயம். ஆமாம், பென்சில் போட்டேன். லிங்கராஜ் பாபுவின் ஸ்டூடியோவில் என் வேலையே அதுதான். நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. அதில் நான் பென்சிலால் கருப்பு ஏற்றும் இடம், காகிதத்தில் வெளுப்பாக வரும். நாற்பது வருஷம் இந்தச் சுற்றுவட்டாரப் பெண்களை வெளுக்க வைக்க நான் பூசியது கருப்பைத்தான். பெண்ணைப் பெற்றவர்கள் வந்து, "மகாரணா, இன்னும் கொஞ்சம்" என்பார்கள். நானும் இன்னும் கொஞ்சம் போடுவேன். ஒரு தடவை ஹிஞ்சிலி ஊர்ப் பெண் ஒருத்திக்கு முகத்தை எல்லாம் முடித்துவிட்டுக் காதை மறந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்து, "முகம் பொண்ணோடது, சரி. இந்தக் காது யாரோடதய்யா?" என்று கேட்டார். ஒரு வாரம் சிரித்தோம். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் விசாரிக்கவில்லை. இப்போது விசாரிக்க வேண்டும் போல இருக்கிறது. ஊர் பெயர்தான் தெரியும், பெண் பெயர் தெரியாது. அந்தப் பழி என்னுடையது. அதை உன் மேல் போடவில்லை.

ஆனால் நீ ஏமாந்தாய் என்பது பொய். உன் அம்மா பெண் பார்க்க வந்தது பட்டப்பகலில். குந்தளாவை நடக்கச் சொன்னார், நடந்தாள். பாதத்தைக் காட்டச் சொன்னார், காட்டினாள். பின்னலை அவிழ்க்கச் சொல்லி நீளம் பார்த்தார். பிறகு முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, அத்தனை பேர் முன்னால் என் மகளின் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். பவுடர் வருகிறதா என்று துணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "நெறம் மட்டுதான். ஆனா முகத்துல களை இருக்கு, நல்லா வேலை செய்யுற பொண்ணாவும் தெரியுது" என்று சொல்லிவிட்டு நாங்கள் வைத்த பிட்டா பலகாரத்தில் நாலைச் சாப்பிட்டார். அந்த ஈர முந்தானையை விடவா என் பென்சில் பெரிது? நிறம் தெரிந்துதான் எடுத்தீர்கள். வேண்டாம் என்றானதும் பழி போட ஒரு கிழவன் அகப்பட்டான்.

இன்னொன்றும் கேள். பெண் வீட்டுக்குக் காட்ட நீ எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? லீவில் வந்தபோது எங்கள் ஸ்டூடியோவில்தான் எடுத்தாய். கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த நெகட்டிவும் என் மேஜைக்குத்தான் வந்தது. உன் இடது கன்னத்து அம்மைத் தழும்பு ஒவ்வொன்றையும் நான் தனித்தனியாக அடைத்தேன். நீயும் ஒன்றும் சுண்ணாம்பு இல்லையே. குந்தளாவுக்கு ஒரு தடவை பென்சில் சீவினேன், உனக்கு மூன்று தடவை சீவினேன். கல்யாணத்தன்று அவள் உன்னை நேரில் பார்த்தபோது நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் என் தங்கையிடம் சொன்னாளாம், "படத்துல இல்லாத குழி ஒண்ணு கன்னத்துல இருக்கு அத்தை. சிரிச்சா நல்லாயிருக்கும்." ஏமாந்தேன் என்று அவள் யாருக்கும் பதினேழு கடிதம் எழுதவில்லை.

உன் களிம்பைப் பற்றி. முதலில் கன்னம் சிவந்தது. பிறகு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்தது. இப்போது கண்ணுக்குக் கீழே திட்டுத் திட்டாக நிற்கிறது. கேட்டால், "சோப்பு ஒத்துக்கல அப்பா" என்பாள். குமார பூர்ணிமா பண்டிகைக்கு மறுநாள் அவளே ஸ்டூடியோவுக்கு வந்து, "ஒரு படம் எடுத்துக் குடுங்க அப்பா, அவருக்கு அனுப்பணும். நல்லாப் பென்சில் போடுங்க" என்றாள். புருஷனுக்கு ஆசை வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். இரண்டு நாள் உட்கார்ந்து, நீ உண்டாக்கிய புண்ணை எல்லாம் பென்சிலால் மூடிக் கொடுத்தேன். புண் என்று தெரியாமல் மூடினேன். அதை நினைத்தால் இந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுதவாவது எழுதட்டும் என்று எழுதுகிறேன்.

களிம்பைக் கம்பவுண்டரிடம் காட்டினேன். "இதைத் தொடவே தொடாதீங்க" என்றார். குப்பைக்குழியில் போட்டு மண் தள்ளினேன்.

போன வாரம் உன் நெகட்டிவைத் தேடி எடுத்தேன். முன்பெல்லாம் உறையைப் பிரித்து முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். இந்தத் தடவை உறையின் மேல் உன் பெயரைப் படித்தே எடுத்தேன். டர்ப்பன்டைனில் பஞ்சை நனைத்து என் பென்சில் முழுவதையும் துடைத்துவிட்டுப் பிரதி போட்டேன். நீ நீயாகவே வந்தாய். அதில் இன்னொன்றும் பார்த்தேன். கட்டிய கையில் பச்சை குத்தியிருக்கிறாயே, அதை அன்றைக்கு ஏதோ கொடி வேலை என்று நினைத்தேன். இப்போது படித்தேன். 'காளியா' என்று இருக்கிறது. புரிக் கோயிலில் இருப்பவனை நாம் செல்லமாகக் கூப்பிடும் பெயர். கருப்பா, கருப்பா என்று தேரிழுக்கும்போது தொண்டை கிழியக் கத்துவாய். அவன் கருப்பைத் தோலில் குத்திக்கொள்வாய், என் மகளின் கருப்பைத் தோலோடு உரிக்கச் சொல்வாய். அந்தக் கையால்தானே களிம்பை வாங்கினாய்?

வியாழக்கிழமை

நேற்று எழுதவில்லை. முந்தாநாள் இதை எழுதிக்கொண்டிருந்தபோது குந்தளா ஆற்றிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டாள். என் கையில் பென்சிலும் முன்னால் காகிதமும் இருந்தன, பக்கத்தில் உன் பதினேழு கடிதங்களும் கிடந்தன. குடத்தை இறக்காமலே நின்றாள்.

"யாருக்கு அப்பா?" என்றாள்.

"உன் புருஷனுக்கு" என்றேன். "மூணு வருஷமா நீ படிச்சுக் காட்டினதுக்கெல்லாம் பதில் போடணுமில்ல?"

அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எப்போ படிச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். "எல்லாத்தையுமா?" என்றாள். எல்லாவற்றையும்தான் என்றேன். முந்தானையை எடுத்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு, "ஜன்னல் நல்லாயிருந்திச்சா அப்பா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகுதான் அழுதோம். அதை எழுத இன்னும் எனக்குப் பாடம் போதாது.

அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன். "அவர் என்னை அழைச்சுக்கிட்டுப் போகணும்னு இல்ல அப்பா. ஆனா வேண்டாம்னா அவர் வாயால சொல்லட்டும், ஊர் முன்னால. இத்தனை நாளா அவருக்கும் சேத்து நானே பேசிக்கிட்டிருக்கேன். எனக்குத் தொண்டை வலிக்குது."

எனவே கேள். அடுத்த மாதம் ரஜ பண்டிகைக்கு சூரத்துக்காரர்கள் எல்லாரும் ரயில் நிறைய வந்து இறங்குவீர்கள். இரண்டாம் நாள் நடுப்பகலில், ஊஞ்சல் கட்டும் ஆலமரத்தடிக்கு வா. உன் அம்மாவையும் உங்கள் பக்கத்துப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரையும் அழைத்து வா, எங்கள் பக்கத்திலும் ஐந்து பேர் இருப்பார்கள். அவள் உன் எதிரில் நிற்பாள். பவுடர் இருக்காது. உன் களிம்பு வைத்த திட்டுகள் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்து, காகிதத்தில் எழுதியதை வாயால் சொல். சொல்லிவிட்டால் அவளுக்கு விடுதலை. சொல்ல வாய் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அங்கேயே யோசித்துக்கொள்.

இத்துடன் இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று நீ, கன்னத்தில் உன் தழும்புகளோடு. மற்றது குந்தளா, நேற்று மொட்டைமாடி வெயிலில் எடுத்தது. இரண்டிலும் என் பென்சில் ஒரு புள்ளி கூடப் படவில்லை. நாற்பது வருஷத்தில் நான் தொடாமல் வெளியே அனுப்பும் முதல் படங்கள் இவைதான். மெஸ் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வை. அந்த இருபது பேரும் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்.

இந்தக் கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்க குந்தளாவிடம் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. 'இப்படியே இருக்கட்டும் அப்பா, உங்க கையெழுத்துதானே' என்றாள். ஆனால் இதற்கு மேலே ஒரு வரி மையால் அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பாய். அடித்தது அவள். கோடு எவ்வளவு நேராக இருக்கிறது பார், என் கைக்கு அது வராது. அங்கே நான் எழுதியிருந்தது ஒரு அப்பன் கெஞ்சுவது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இன்னும் படிக்க வரும். நீ தூக்கிப் பிடிக்காதே. அவள் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.

வயதில் பெரியவன், ஆசி சொல்லாமல் முடிக்கக் கூடாது. ஓடுகிற தறியில் ஆயிரம் இழைக்கு நடுவே அறுந்த ஒரு இழையைக் கண்டுபிடிக்கும் கண் உன்னுடையது என்று உன் தறித் தோழன் பிருந்தாபன் சொல்வான். அந்தக் கண் ரஜ பண்டிகை வரைக்கும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன். பதில் வராவிட்டால் அதற்கடுத்த வாரமும் எழுதுவேன். இது ஒட்டிய உறைக்குள் வருகிறது, நீ மட்டும் படிக்கலாம். இனி தபால் கார்டில் எழுதுவதாக இருக்கிறேன். உங்கள் மெஸ்ஸில் கார்டு வந்தால் வாசலோரம் படுத்திருப்பவன் எடுத்து எல்லாருக்கும் சத்தமாகப் படிப்பானாமே. நல்ல பழக்கம். அவன் தடுமாறக் கூடாது என்பதற்காகவே தினமும் இரண்டு பக்கம் எழுதிப் பழகுகிறேன். அடுத்த வாரத்துக்குள் என் கையெழுத்து இன்னும் தெளிவாகிவிடும்.

இப்படிக்கு,
குந்தளாவின் அப்பா
கிருபாசிந்து மகாரணா
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)